டீச்சரின் குரல் இருந்த ஹார்டு டிஸ்க்

காரைக்குடியில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து எடுக்கவில்லை. போன வாரம் அதில் ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டு கம்ப்யூட்டருக்கு க்ளீனர், பேக்கப் ரெண்டுக்கும் எந்த சாஃப்ட்வேர் சொல்லலாம்?" கீழே இன்னொருவர் பதில் போட்டிருந்தார்: "க்ளீனர் எதையாச்சும் போட்டு விடுங்க. பேக்கப் எதுக்கு? அதான் நெட்டுல சிங்க் ஆன்ல இருக்கே." அந்தப் பதிலுக்கு வரிசையாகக் கட்டைவிரல்கள்.

படித்ததும், அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த "எதையாச்சும்" என்ற சொல்லும், "பேக்கப் எதுக்கு" என்ற கேள்வியும் சேர்ந்து ஒரு வீட்டில் என்ன செய்தன என்பதை நேரில் பார்த்தவள் நான். குழுவில் நாலு வரியில் எழுதி முடிகிற காரியம் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் தனலெட்சுமி. கடையில் தனம். அப்பாவுக்கு நகைப் பட்டறை. என்னை எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்க வைத்தார்கள். படிப்பு முடிந்ததும் சேவுகன் அண்ணன் கடையில் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்து ஓய்வும் பெற்றேன். முதல் சில வருடங்கள் பிரிண்டர் ரிப்பனும் கீபோர்டுத் தூசியுமாகப் போயின. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சேவுகன் அண்ணனைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. சாக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். கடை ஆரம்பிப்பதற்கு முன்பு மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். வாடிக்கையாளர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்ததும் நாங்கள் எல்லாரும் ஸ்விட்சைப் போடத்தான் கை நீட்டுவோம். அவர் போட விட மாட்டார். முதலில் வந்தவரை உட்கார வைப்பார். பிறகு, "கடைசியா நல்லா இருந்தது எப்ப? அதுக்கப்புறம் என்னென்ன செஞ்சீக? ஒண்ணு விடாம வரிசையாச் சொல்லுங்க" என்பார். நடுவில் குறுக்கிட மாட்டார். எவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைச் சொன்னாலும் முகம் மாறாது. "ஏசுனா அடுத்த வாட்டி மறைப்பாக. மறைச்சா நமக்குத்தான் வேலை கெடும்" என்று எங்களிடம் தனியாகச் சொல்வார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. கெட்ட செய்தி சொல்ல வேண்டும் என்றால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் சொல்வார். வலையபட்டியில் ஒருவர் வீட்டில் இடி விழுந்தபோது அதைப் பார்த்தேன். அவர் மகள் கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டரிலும், பேக்கப் டிஸ்கிலும் வைத்திருந்தார். பேக்கப் டிஸ்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தார். கரண்டு வழியாக வந்த இடி இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டது. அண்ணன் எழுந்து நின்று, "ரெண்டும் ஒரே கயித்துல கட்டியிருந்துச்சு. ஒண்ணும் மிச்சமில்லை. மன்னிச்சுக்கங்க" என்றார். அந்த மனிதர் வெளியே போய், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். அன்று முதல் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தாலே என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நெற்குப்பையிலிருந்து சுப்பையா வந்தது அதற்கு வெகுநாள் கழித்து. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு. சொந்தமாக சிமெண்ட், பெயிண்ட் ஏஜென்சி வைத்திருப்பவர். ஒழுங்கான மனிதர். பேனாவை மூடாமல் பையில் வைக்க மாட்டார், அப்படி. அன்று அவர் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. பெரிய துணிக்கடைப் பையில் சிபியுவையும், தனியே ஒரு பேக்கப் டிஸ்கையும் தூக்கிக்கொண்டு வந்தார். மேசையில் வைத்தவர் கையை எடுக்கவே இல்லை.

"ஏத்தா, இதுல என் வீட்டுக்காரி குரல் இருக்கு" என்றார் என்னிடம். "இருந்துச்சு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணன் அவரை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தோம். குடிக்கவில்லை, தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

அவர் மனைவி விசாலாட்சி. ஊரில் விசாலம் டீச்சர். பள்ளிக்கூட வேலை இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன். டீச்சருக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல் பெட்டியையே எடுத்துவிட வேண்டும் என்று முடிவாகி, மதுரையில் ஆபரேஷன் ஆனது. இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான் மூச்சு. பேச முடியாது. தொண்டையில் வைத்துப் பேசுகிற ஒரு கருவி கொடுத்தார்களாம். ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளைக பயந்துரும்" என்று எழுதிக் காட்டி மூலையில் போட்டுவிட்டாராம்.

ஆனால் டீச்சர் கெட்டிக்காரர். ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு, இருந்த நாட்களில் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன் குரலைப் பதிந்து வைத்துக்கொண்டார். வாய்ப்பாடு, டிக்டேஷன் சொற்கள், "கையெழுத்தைப் பாரு, கோழி கிண்டுன மாதிரி", "இந்தக் கணக்கை யாரு போட்டது, நீயா, உங்கம்மாவா?" இப்படி. டியூஷனுக்கு ஒரு ஃபோல்டர், வீட்டுக்கு ஒரு ஃபோல்டர். வீட்டு ஃபோல்டரில் "சாப்பிட வாங்க", "மாத்திரை போட்டீகளா?", "அந்த ஃபேனை நிப்பாட்டுங்க". கோபம் என்று பெயர் போட்டுத் தனியாக ஒரு ஃபோல்டர் வேறு.

"அது நெறைய இருந்துச்சு" என்றார் சுப்பையா. யாரும் சிரிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து வந்து, பிள்ளைகளை உட்கார வைத்து, டீச்சர் மவுசால் ஒவ்வொன்றாகத் தட்டித் தன் குரலாலேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கணவனிடமும் அப்படித்தான் பேச்சு.

"சரி. கடைசியா நல்லா இருந்ததுக்கு அப்புறம் என்ன செஞ்சீக?" என்று கேட்டார் அண்ணன்.

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது. தட்டினால் குரல் வர நேரம் பிடித்தது, பிள்ளைகள் சலசலத்தார்கள். டீச்சர் எரிச்சலானார். சரிசெய்து கொடுப்போம் என்று சுப்பையா நெட்டில் தேடினார். "உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது" என்று சிவப்பில் ஒரு பெட்டி வந்தது. அவர் பயந்து, இலவசமாகக் கிடைத்த ஒரு க்ளீனரை இறக்கினார். குப்பை நீக்கம், வேகம் கூட்டல், இரட்டிப்பு நீக்கம் என்று அது கேட்டதற்கெல்லாம் டிக் அடித்தார். ஒரே மாதிரி ஒலிகளையும் கண்டுபிடித்து அழிக்கவா என்று கேட்டது. அதற்கும் டிக். ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரே அழிக்கவா என்றது. அதற்கும்.

எல்லாப் பதிவும் ஒரே குரல். ஒரே அறை, ஒரே மைக். ஒவ்வொன்றும் ஒரு மூச்சு நேரம்தான். அந்த மென்பொருளுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் துடைத்துவிட்டது. துடைத்துவிட்டுப் பச்சையில் ஒரு டிக் காட்டி, வாழ்த்துச் சொன்னதாம்.

"அதான் பேக்கப் டிஸ்க் இருக்கே" என்று நான் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

பேக்கப்புக்கும் அவரே ஒரு மென்பொருள் தேர்ந்து போட்டிருந்தார். அதில் இரண்டு முறைகள் இருந்திருக்கின்றன. பழசையும் வைத்துக்கொண்டு புதுசைச் சேர்ப்பது ஒன்று. கண்ணாடி மாதிரி, கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் அப்படியே டிஸ்கில் வைப்பது இன்னொன்று. சுப்பையா ஒழுங்கான மனிதர் என்றேனே. கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தார். தினமும் மதியம் அது தானாக ஓடும். அன்று மதியமும் ஓடியது. கம்ப்யூட்டரில் இல்லாததை எல்லாம் டிஸ்கிலிருந்தும் அழித்துவிட்டு, வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று காட்டியது.

சாயந்தரம் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் மவுசைத் தட்டினார். குரல் வரவில்லை. மறுபடி தட்டினார். ஃபோல்டரைத் திறந்தார். பிறகு திரும்பி, கடையிலிருந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"சத்தம் வரல சார்" என்றார் சுப்பையா. "ஆபரேஷன் ஆயி ஒரு தடவை கூட அவ அப்படி வாயைத் தொறந்ததில்ல. சத்தமே இல்லாமக் கத்துனா. பிள்ளைக எந்திரிச்சு ஓடிப்போயிருச்சுக."

 அண்ணன் அதே குரலில், "அதுக்கப்புறம்?" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எங்கள் தொழிலில் பயங்கரம். அவர் பதற்றத்தில் இன்னொரு மென்பொருளை இறக்கினார், அழிந்ததை மீட்பதற்கு. கிடைத்ததை எங்கே வைக்க என்று அது கேட்டது. பேக்கப் டிஸ்கைக் காட்டிவிட்டார். அது கம்ப்யூட்டரைத் தோண்டிப் பழைய படங்கள், விளம்பரத் துணுக்குகள், என்னென்னவோ குப்பையை எடுத்து, டீச்சரின் குரல் அழிந்து கிடந்த இடத்தின் மேலேயே கொட்டியிருக்கிறது. பாதியில் அவருக்கே சந்தேகம் வந்து வயரைப் பிடுங்கியிருக்கிறார்.

"பிடுங்குனீகள்ல, அதான் நல்லது" என்றார் அண்ணன்.

அழிந்ததை மீட்கிற வேலைக்கு எங்கள் கடையில் ஒரு முறை உண்டு. அண்ணன் அதை மாற்ற விட்டதே இல்லை. முதலில் கை கழுவ வேண்டும். அழிந்த டிஸ்கைக் கழற்றி, எழுத முடியாதபடி படிக்க மட்டும் விடுகிற பெட்டியில் மாட்ட வேண்டும். அதை முழுசாக, காலி இடம் உட்பட, வேறொரு டிஸ்குக்கு நகல் எடுக்க வேண்டும். மூலத்தைக் கழற்றி, உறையில் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகு வேலை எல்லாம் நகலில்தான். நகல் ஓடி முடிகிறவரை யாரும் அந்த மேசைப் பக்கம் போகக் கூடாது. சுப்பையா முன்னிலையில் அதை அப்படியே செய்தேன்.

முதலில் கம்ப்யூட்டருக்குள் இருந்த டிஸ்க். அது சுழல்கிற வகை இல்லை, எஸ்எஸ்டி. அந்த வகை, அழித்த இடத்தைச் சும்மா விட்டு வைக்காது. தானாகவே காலி செய்துவிடும். தெரிந்ததுதான். இருந்தாலும் நகலைத் திறந்து, குரல் பதிவுகள் இருந்த பகுதிக்குப் போனேன். திரை முழுக்கப் பூஜ்யம். கீழே உருட்டினேன். பூஜ்யம். ஒரு பெண்ணின் குரல் இருந்த இடம் அது. எத்தனையோ காலி டிஸ்குகளைப் பார்த்தவள்தான்; அன்று மவுசை விட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

சேவுகன் அண்ணன் எழுந்து நின்றார்.

"இதுல ஒண்ணும் இல்லைங்க. போனது போனதுதான். அந்த இன்னொரு டிஸ்கைப் பாப்போம்."

பேக்கப் டிஸ்க் சுழல்கிற வகை. அதில் அழித்தது உடனே காலியாவதில்லை. அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை அடியில் கிடக்கும். மறுநாள் அதன் நகலைத் தோண்டினேன். வந்தது! முதல் ஒலியின் அலைக்கோடு திரையில் தெரிந்தபோது நான் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். நிறைய வந்தன. ஆனால் பெயர்கள் இல்லை, ஃபோல்டர் இல்லை. வெறும் எண்கள். எது வாய்ப்பாடு, எது கோபம், எது பாதியில் அறுந்தது என்று கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

"நானே உக்காந்து கேட்டுப் பிரிச்சுத் தாரேன்" என்றார் மறுபடி வந்திருந்த சுப்பையா. "அவளை எதுக்கு அங்குட்டும் இங்குட்டும் அலைய விடணும்? மூச்சு வாங்கும்."

அண்ணன் தலையாட்டவில்லை. "கம்ப்யூட்டர் உங்களுது. குரல் அவங்களுது. அவங்க வரட்டும். நாங்களும் கேக்க மாட்டோம், நீகளும் கேக்க வேணாம்."

சுப்பையாவுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் அடுத்த நாள் டீச்சரைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான பெண், கழுத்தில் துளையை மறைத்து மெல்லிய பருத்தித் துணி. கையில் ஒரு சின்னப் பலகையும் மார்க்கரும். என்னைப் பார்த்து எழுதிக் காட்டினார்: "எவ்வளவு மிச்சம்?"

"பாதிக்கு மேல இருக்கும் டீச்சர்" என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

ஹெட்ஃபோனை மாட்டி விட்டேன். டீச்சர் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டு, எண்ணுக்குப் பதில் பெயரை அடித்துக்கொண்டே போனார். சிலதைக் கேட்டதும் உதடு அசைந்தது. தன்னோடு தானே சேர்ந்து சொல்கிறார் என்று தெரிந்தது. ஒன்றில் தோள் குலுங்கியது. சிரிப்பு. கோபம் ஃபோல்டரில் இருந்ததாக இருக்கும். சுப்பையா கொஞ்சம் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று டீச்சரின் கை நின்றது.

ஒருவர் முகம் சட்டென்று வெளுத்துப்போவதைப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன். அன்று கண்ணால் பார்த்தேன். அந்தப் பதிவு மற்றதைப் போல ஒரு மூச்சு நேரம் இல்லை. திரையில் கோடு நீளமாக ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் அசையவில்லை. துணிக்கு அடியில் மூச்சு மட்டும் வேகமாகப் போய் வந்தது.

"என்னாச்சு? என்ன கேக்குது?" என்று சுப்பையா எழுந்தார்.

டீச்சர் பலகையை எடுத்தார். எனக்குத்தான் எழுதினார், அவருக்கு இல்லை. "இது நான் அழிச்சது. நானே அழிச்சது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தவறி அழிந்தது எது, மனசறிந்து அழித்தது எது என்ற வித்தியாசம் மீட்கிற மென்பொருளுக்குத் தெரியாது. அடியில் கிடப்பதை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிடும். எத்தனையோ டிஸ்குகளை மீட்டிருக்கிறேன். இது ஒருவரை இப்படிக் குத்தும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. "இங்கேயே எடுத்துரட்டுமா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டேன். திரையில் அந்த ஃபைலைத் தேர்ந்தும் வைத்துவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கொஞ்ச நேரம் கணவனைப் பார்த்தார். பிறகு ஹெட்ஃபோன் வயரை உருவிவிட்டு, முதலிலிருந்து தட்டினார்.

கடை முழுக்க அந்தக் குரல் கேட்டது. கணீரென்று, கொஞ்சம் கரகரப்போடு.

"என்னங்க... இதை நீக என்னைக்குக் கேப்பீகளோ தெரியல. கேக்கவே மாட்டீகளோ. வண்டி வாரதுக்குள்ள சொல்லிர்றேன். அன்னைக்கு டாக்டர் ரூம்புல நானுந்தான் உக்காந்திருந்தேன். அவர் ரெண்டு வழி இருக்குன்னாரு. ரேடியேஷன் கரண்டு வச்சுப் பாக்கலாம், குரல் தங்குனாலும் தங்கும், ஆனா நோவு திரும்பி வந்தாலும் வரும்னாரு. இல்லைன்னா அறுத்து எடுத்துரலாம்னாரு. என்னையப் பாத்துத்தான் கேட்டாரு. நீக எடுத்துருங்க சார்னுட்டீக. என் பக்கம் திரும்பக் கூட இல்லை. கேட்டிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேனோ என்னமோ. ஆனா அன்னைக்கு எனக்குப் பேச்சு இருந்துச்சுங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

பதிவில் தூரத்தில் வண்டி ஹாரன் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல்: "விசாலம், வண்டி வந்துருச்சு. என்ன செய்யிற?" சுப்பையாவின் குரல். "இந்தா வாரேன்" என்று டீச்சர் சொன்னதோடு முடிந்தது.

 தெருவில் ஒருவன் மைக்கில் வெங்காயம் விற்றுக்கொண்டு போனான். சேவுகன் அண்ணன் எப்போது எழுந்து நின்றார் என்று நான் கவனிக்கவில்லை, நின்றுகொண்டிருந்தார். எனக்கோ பார்வையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு பேர் வீட்டுக்குள் பேச வேண்டியதை நடுக்கடையில் நின்று கேட்டுவிட்ட கூச்சம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. டாக்டர் அறையில் டீச்சரைக் கேட்கவில்லை. பிறகு க்ளீனர் பெட்டியில் டிக் அடிக்கும்போதும் அவரைக் கேட்கவில்லை. குரல் அவருடையது.

சுப்பையா சுவரைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "எனக்கு நோவு திரும்பி வரும்கிறது மட்டுந்தான் காதுல விழுந்துச்சு விசாலம்" என்றார். "மத்தது எதுவுமே விழுகலை. நீ இருக்கணும்னு..." அதற்கு மேல் வரவில்லை. எங்கள் எல்லார் முன்னாலும், பெரிய மனிதர், குலுங்கி அழுதார்.

டீச்சர் பலகையை எடுத்தார். எழுதவில்லை; திரும்ப வைத்துவிட்டார். மவுசைப் பிடித்து, பெயர் வைத்துக்கொண்டு வந்த பதிவுகளில் மேலே தேடினார். ஒன்றைத் தட்டினார்.

"அழுகாத. கண்ணைத் தொடைச்சிட்டு மறுபடி எழுது."

டியூஷன் பிள்ளைக்குச் சொல்கிற அதட்டல். சுப்பையா நிமிர்ந்து பார்த்தார்.  இருக்கிற சொற்களிலிருந்து அதைத்தான் தேடி எடுத்தார், வேறு எதையும் எடுக்கவில்லை.

சில நாள் கழித்து நானும் அண்ணனும் நெற்குப்பைக்குப் போனோம், கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுக்க. சுப்பையா மென்பொருள்களைப் பற்றி நிறையப் படித்து வைத்திருந்தார். இது நல்லதா, அது நல்லதா என்று அடுக்கினார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "க்ளீனரே வேணாம். கம்ப்யூட்டரோட வந்த குப்பை நீக்கமே போதும். அதுலயும் என்ன போகுதுன்னு படிச்சுப் பாத்துட்டு அடிங்க. பேக்கப்புக்கு எதை வேணாலும் எடுங்க. ஆனா எடுக்கிறதுக்கு முந்தி அதுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. இன்னைக்குத் தெரியாம ஒண்ணை அழிச்சுட்டேன், அடுத்த மாசம் கேட்டா குடுப்பியான்னு. குடுப்பேன்னு சொன்னா, நம்பாதீக. ஒண்ணை அழிச்சு, திருப்பி எடுத்துப் பாத்துட்டு நம்புங்க."

அப்படித்தான் தேர்ந்தோம். அழித்ததையும், மாற்றுவதற்கு முந்தைய வடிவத்தையும் வைத்திருக்கிற ஒன்று. இரண்டு டிஸ்குகள். ஒன்று ஓடி முடிந்ததும் கழற்றி அலமாரியில். இன்னொன்று காரைக்குடியில் டீச்சரின் தம்பி வீட்டில். சிங்க்கும் இருக்கட்டும், ஆனால் அதைப் பேக்கப் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது; இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிற எதுவும் கண்ணாடிதான். குழுவில் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இவ்வளவுதான். மென்பொருளின் பெயர் வருடத்துக்கு வருடம் மாறும்.

அந்த மென்பொருளின் அமைப்புப் பெட்டியில் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தபோது சுப்பையா டிக் அடிக்கவில்லை. "விசாலம், எத்தனை நாளைக்கு ஒருக்க ஓடணும்? நீ சொல்லு." "விசாலம், அழிச்சதை எவ்வளவு காலம் வச்சிருக்கணுமாம். எவ்வளவு போட?" கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் டீச்சருக்கே பொறுக்கவில்லை. மவுசை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ஒரு பதிவைத் தட்டினார். "நொய் நொய்ங்காம அங்குட்டுப் போய் உக்காருங்க." கோபம் ஃபோல்டர். அந்தப் பதிவு முழுசாகப் பிழைத்திருந்தது.

எல்லாம் பிழைக்கவில்லை. ஏழாம் வாய்ப்பாடு பாதியில் அறுந்துபோகிறது. "சாப்பிட வாங்க" கிடைக்கவே இல்லை. எத்தனை தடவை தோண்டியும் கிடைக்கவில்லை. அது இருந்த இடத்தின் மேல் ஏதோ ஒரு விளம்பரப் படம் உட்கார்ந்திருக்கிறது. இன்றுவரை டீச்சர் சாப்பாட்டுக்குத் தட்டைத்தான் தட்டிக் கூப்பிடுகிறாராம்.

கடைசியாக, பேக்கப்பில் சேர்க்க வேண்டியதை எல்லாம் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. அந்த நீளமான பதிவு மட்டும் இன்னும் வெறும் எண்ணோடு அடியில் கிடந்தது. அதைத் தாண்டிப் போகலாமா என்று நான் தயங்கினேன்.

"அதையும் போடுத்தா" என்றார் சுப்பையா, பின்னாலிருந்து. சொன்னவர் சட்டென்று நிறுத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "போடலாமா?"

நானும் டீச்சரைப் பார்த்தேன்.  அவர் அதைத் தேர்ந்து, எண்ணை அழித்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி ஒரு பெயரை அடித்தார். அதைப் படித்ததும் சேவுகன் அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"கேட்டுட்டாக" என்று அடித்திருந்தார்.